ரதி தொடுத்த வழக்கு

இலங்கை மலையகத்தில், கொத்மலை ஓயாவின் கரையில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்திருக்கும் தலவாக்கலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் நாளில் காமன் கம்பம் ஊன்றுவதும், அன்றுதொட்டு இரவுதோறும் ரதியும் மன்மதனும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளாகிய லயங்களின் முன்னே ஆடிவருவதும், பௌர்ணமியை ஒட்டிய இரவில் ஈசனுடைய நெற்றிக்கண்ணால் மன்மதன் தகனமாவதும், பின்னர் அவன் மீண்டும் எழுப்பப்படுவதும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிவரும் சம்பிரதாயம். பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஜனங்களின் பொழுதுபோக்கு என்று இதைக் கருதிக் கடந்துபோனவர்கள் பலர். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து சுமந்துவந்த பழைய வழக்கத்தின் எச்சம் என்று குறித்துக்கொண்டவர்கள் சிலர். மலையகத்து மக்களின் சரித்திரத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதோ, குற்றமற்றவன் ஏன் துன்புறுகிறான், அவன் துன்புறும்போது தெய்வம் எங்கே இருந்தது என்ற ஆதி வினாவை எழுத்தறியாத ஒரு சமுதாயம் ஆண்டுதோறும் சபைநடுவே வைத்து விசாரித்த விதமே காமன் கூத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வினா நம் மொழிக்குப் புதிதன்று. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிக்கக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், உலகத்தை இவ்விதம் அமைத்தவனைப் பண்பறியாதவன் என்று புறநானூற்றில் இகழ்ந்தார். இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்று மனிதனுக்கு விதிக்கப்பட்டிருக்குமானால், விதித்தவனையே சபிப்பதற்கு வள்ளுவர் தயங்கவில்லை. கண்ணொளி இழந்த சுந்தரர் திருவாரூர்ச் சந்நிதியில் நின்று தம் இறைவனோடு சினந்து பேசினார். அந்தச் சினத்தைத் திருமுறையிலேயே சேர்த்துவைத்துக் காத்தது நம் சைவம். மேல்நாட்டிலும் யோபுவின் சரித்திரம் வேதாகமத்துக்குள்ளேயே இடம்பெற்றது. இவ்வுலகமே சாத்தியமான உலகங்களுள் சிறந்தது என்று 1710-இல் லைப்னிட்ஸ் நிறுவிய தத்துவம், 1755 நவம்பர் 1-ஆம் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, தேவாலயங்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தால் இடிந்தபோது தானும் ஆட்டங்கண்டது. அந்த இடிபாட்டை முன்வைத்து வால்டேர் தம் செய்யுளில் அதை மறுத்தார். லிஸ்பனைப் பற்றி வினவியவர்கள் நூலறிந்த தத்துவஞானிகள். மலையகத்திலோ அதே வினாவைத் தொடுத்தவர்கள், துன்பத்தைத் தவிர வேறு நூலைக் கற்க வாய்ப்பில்லாத கூலிக்காரர்கள். அவர்கள் வினவிய முறையை அறியவேண்டுமானால் அவர்கள் நடந்துவந்த வழியை முதலில் அறிய வேண்டும்.

1820-களில் தொடங்கிய காப்பிச் செய்கை அடுத்த இருபது ஆண்டுகளில் கண்டிச் சீமையின் மலைகளெங்கும் பரவியபோது, திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம் ஜில்லாக்களிலும் இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலும் மழை பொய்த்து, நிலமும் வேலையும் இழந்து, சாதியின் கீழ்ப்படியில் நின்றவர்களைக் கங்காணிமார் ஆள்கட்டி அழைத்துவந்தனர். அவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியை, தண்ணீரற்ற வன்னியையும் அதற்குத் தெற்கே பரந்த வறண்ட நிலத்தையும் ஊடறுத்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை கால்நடையாகவே நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பின்தொடர்ந்தன. விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்க வேண்டியிருந்தது. 1840-களில் இவ்வாறு மாண்டோரின் தொகை 70,000 இருக்கும் என்று 1849-இல் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை மதிப்பிட்டது. அம்மதிப்பைக் குறைத்துச் சொல்வோரும் உண்டு. ஆயினும் எலும்புகள் சிதறிக் கிடந்த பாதை என்றே அவ்வழியைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது. 1869-இல் காப்பி இலைகளில் நோய் கண்டு, சில ஆண்டுகளில் காப்பி அழிந்து, 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் மலைகளை மூடியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் மேலும் பல்லாயிரவரைக் கடலுக்கு இப்பால் தள்ளியது. இருப்புப் பாதை 1884-இல் ஹட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்ட, இரண்டுக்கும் இடைப்பட்ட தலவாக்கலை தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பட்டினமாயிற்று.

இவ்வாறு வந்தவர்கள் தங்கள் தெய்வங்களையும் உடன் கொணர்ந்தார்கள். நடைவழி முடியும் மாத்தளையில் முத்துமாரியம்மன் ஆலயம் எழுந்தது. பின்னர் தோட்டந்தோறும் மாரியம்மன் கோவில் அமைந்தது. அம்மையை முத்தாக வாரி இறைப்பவளும் அவளே, வேப்பிலையால் அதை இறக்குபவளும் அவளே என்று நம்பிய இந்த ஜனங்களுக்கு, நன்மை தருவது ஒரு சக்தி, தீமை தருவது மற்றொரு சக்தி என்று பிரித்துவைத்துத் தெய்வத்தைப் பழியிலிருந்து விடுவிக்கும் தந்திரம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதை அவர்கள் விரும்பியிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நோயைத் தந்தவளிடமே நோய்க்கு நியாயம் கேட்கலாம் அல்லவா? புதிய மண்ணில் புதிய அச்சங்கள் பிறந்தபோது புதிய தெய்வங்களும் பிறந்தன. தொழிற்சாலையில் சுழலும் சக்கரத்தில் ரோதைமுனி உறைந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் கத்திபட்டு ரத்தம் சிந்தாதிருக்கக் கவ்வாத்துச்சாமிக்குப் படையல் வைக்கப்பட்டது. கொழுந்து குறையாதிருக்கக் கொழுந்துச்சாமி வணங்கப்பட்டார். எந்தெந்த இடத்தில் உயிருக்கு ஆபத்து இருந்ததோ, அந்தந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு ஒரு தெய்வத்தைக் காவலுக்கு அமர்த்தினார்கள். துன்பம் நேரும் இடத்தில் தெய்வம் இருந்தே ஆக வேண்டும் என்பதே அவர்கள் சித்தாந்தம்.

படித்தவர்களின் சித்தாந்தம் வேறாக இருந்தது. இன்பதுன்பங்கள் முற்பிறவியின் வினைப்பயன் என்ற கொள்கை இந்திய சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. சைவ சித்தாந்தத்தில் அது மிகுந்த நுட்பம் பெற்றது: ஆன்மாவைப் பற்றிய மலம் நீங்கும்பொருட்டே இறைவன் வினையை நுகர்விக்கிறான் என்றும், வைத்தியன் நோயாளிக்குத் தரும் கசப்பு மருந்தைப் போன்றதே துன்பம் என்றும் ஆசாரியர்கள் உபதேசித்தனர். தன் துக்கத்தைத் தானே ஆராயும் ஞானி ஒருவனுக்கு இக்கொள்கை பெரும் ஆறுதலாகக் கூடும். அதன் கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் பிறனுடைய துக்கத்தைப் பார்த்து ஒருவன் இக்கொள்கையைச் சொல்லும் கணத்திலேயே அது வேறொன்றாக மாறிவிடுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடப்பதையும், விடியற்காலைப் பனியில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் குழந்தையோடு நிற்கும் தாய்க்கு நேரம் பிந்தியதற்காக அரைநாள் கூலியான அரைப்பேர் போடப்படுவதையும் கண்டு, எல்லாம் தலையெழுத்து என்று சொன்னவர்கள் ஞானம் சொல்லவில்லை; தோட்டத் துரையின் கணக்கைத் தெய்வத்தின் கணக்கில் ஏற்றினார்கள்.

இதற்குத் துண்டு முறையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தோட்டத்துக்கு வந்த கூலியாள் வழிச்செலவு முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் கங்காணிக்குக் கடன்பட்டான். அக்கடனைக் குறித்த துண்டுச்சீட்டை ஏற்று, கடனைத் தீர்க்க ஒப்பும் மற்றொரு துரை கிடைத்தால்தான் அவன் தோட்டம் மாறலாம். மாறினாலும் கடன் அவனைப் பின்தொடரும். உழைத்தும் தீராத, ஏன் வந்ததென்று கணக்கும் விளங்காத இந்தப் பாரத்தைப் பூர்வஜன்ம வினை என்று அவன் நம்பியிருந்தால் ஆச்சரியமில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் 1921-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஒரு சட்டத்தால் நீங்கக்கூடியது எதுவோ அது முற்பிறவியில் விளைந்ததன்று, இப்பிறவியில் இன்னார் செய்தது என்பதற்கு வேறு நிரூபணம் எதற்கு? துன்பத்தையும் தெய்வத்தையும் சமாதானப்படுத்த முயலும் எவரும், எந்தத் துன்பம் தெய்வத்தின்மேல் சாற்றத்தக்கது, எது மனிதனின் கைவினை என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அவ்வாறு பிரிக்காமல் செய்யப்படும் சமாதானம் அநீதிக்கு எழுதித்தரும் விடுதலைப் பத்திரமாகவே முடியும்.

இனிக் கூத்துக்கு வருவோம். கந்தபுராணத்தில் கச்சியப்பரும், குமாரசம்பவத்தில் காளிதாசனும் பாடிய கதையே இதுவும். சூரபதுமாதியரின் கொடுமையால் வருந்திய தேவர்கள், யோகத்தில் ஆழ்ந்த சிவபெருமானை எழுப்பி உமையோடு சேர்த்தாலன்றித் தங்களுக்கு ஒரு சேனாபதி பிறக்கமாட்டான் என்று கண்டு, மலர்க்கணை தொடுக்குமாறு மன்மதனை ஏவினார்கள். அவன் பிறர் நன்மைக்காகச் சென்றான்; ஏவியவர்கள் பாதுகாப்பாக ஒதுங்கி நிற்க, ஏவப்பட்டவன் எரிந்தான். மாயூரத்துக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை இது நிகழ்ந்த தலமென்று போற்றப்படுகிறது; அட்ட வீரட்டங்களுள் அதுவும் ஒன்று. தலபுராணத்துக்கு இது ஈசனின் வெற்றி. லயத்து ஜனங்களுக்கோ இது ரதியின் கதை.

கூத்தை நடத்தும் மாஸ்டர் பாட்டுக்களை மனப்பாடமாக வைத்திருப்பார். வேஷம் கட்டுகிறவர்கள் நேர்த்தி வைத்து, காப்புக் கட்டி, விரதம் இருப்பார்கள். காமன் பொட்டலில் நட்ட கம்பத்தைச் சுற்றி ரதிமதன் திருமணம் நடக்கும். சில நாட்களில் தூதன் இந்திரனுடைய ஓலையைக் கொண்டுவருவான். துர்ச்சொப்பனம் கண்ட ரதி, போகவேண்டாம் என்று கணவனைத் தடுப்பாள். கட்டளையை மீற முடியாது என்பான் அவன். இந்தத் தர்க்கம் பாட்டாகவே நெடுநேரம் நிகழும். ஆள்கட்டும் கங்காணியின் வார்த்தையை நம்பிக் கடல்கடந்த குடும்பங்களின் வம்சத்தார், ஓலைக்குக் கட்டுப்பட்டு வீட்டைவிட்டுப் புறப்படும் ஒருவனையும் அவன் மேல்துணியைப் பற்றி நிறுத்தும் ஒருத்தியையும் பார்த்திருக்கும்போது, அவர்கள் எதை நினைத்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. தகன இரவு வருகிறது. விடியும் வேளையில் கம்பம் எரிகிறது. அதன்பின் எழுகிறது ரதியின் ஒப்பாரி. ரதி வேஷம் கட்டியவன் ஆண்மகனே ஆயினும், சூழ்ந்திருக்கும் பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளையெல்லாம் அந்த ஒப்பாரியில் சேர்த்து அழுவார்கள். அந்தப் பிரலாபம் சிவனை நோக்கியது. என் புருஷன் செய்த குற்றம் யாது, ஏவியவர்களை விட்டு ஏவலாளனை எரித்தது எந்த நீதி என்பதே அதன் பொருள். நெற்றிக்கண்ணைத் திறந்த கடவுள் அங்கேயே, அதே பொட்டலில், ஒரு தொழிலாளியின் உருவில் நின்று அதைக் கேட்டாக வேண்டும். அவர் மௌனமாகப் போய்விட முடியாது. கேட்டு முடிந்தபின் வரம் கொடுத்தே தீர வேண்டும். மூன்றாம் நாள் மன்மதன் எழுப்பப்படுகிறான்.

உலகத்துச் சமயங்களில் இதற்கு ஒப்பானவை சிலவே உண்டு. 1854-இல் தோட்டங்களுக்கென்று தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள், தாமே சிலுவையில் பாடுபட்ட தேவனை இம்மக்களுக்கு அறிவித்தார்கள். துன்புறுகிறவனோடு கூடத் துன்புறும் கடவுள் என்ற அந்த எண்ணம் மிக ஆழ்ந்தது. காமன் கூத்தின் எண்ணம் அதற்கு மாறுபட்டது, ஆனால் அதனினும் தாழ்ந்ததன்று: இங்கே கடவுள் துன்பத்தைச் செய்தவராகவே நிற்கிறார், செய்ததற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவும் நிற்கிறார். அவர் அளிக்கும் பதிலும் பூரணமானதன்று. மன்மதன் உருவிழந்தவனாய், ரதியின் கண்ணுக்கு மட்டும் தோன்றுகிறவனாய் மீள்கிறான், எரிந்தது எரிந்ததே. இழந்ததை முழுமையாக மீட்டுத்தருவதாகப் பொய் சொல்லாத இந்த முடிவே, வழிநெடுகப் பிணங்களை விட்டுவந்த ஒரு ஜனத்தொகைக்கு நம்பத்தக்கதாக இருந்தது.

தஞ்சைச் சீமையில் இதே காலத்தில் இதே கதையை வைத்து லாவணி பாடுவோர், எரிந்த கட்சி என்றும் எரியாத கட்சி என்றும் பிரிந்து, மன்மதன் மெய்யாகவே எரிந்தானா, எரியவில்லையா என்று விடியவிடிய வாதிடுவர். எரியாத கட்சியார் ஆன்மாவுக்கு அழிவில்லை என்ற வேதாந்தத்தைத் துணைக்கொள்வார்கள். துன்பமே மாயை என்று சொல்லித் துன்பத்தைக் கடக்கும் மார்க்கம் அது. தலவாக்கலைத் தோட்டங்களின் கூத்தில் ரதி ஒருநாளும் எரியாத கட்சியில் சேர்ந்தவளல்லள். சாம்பலைக் கையில் எடுத்தவளிடம் எரியவில்லை என்று யார் வாதிட முடியும்?

கூத்துக்குத் தாளம் தந்த தப்பு என்னும் பறையையும் இங்கே நினைவுகூர வேண்டும். விடியுமுன் லயங்களை எழுப்பி ஆட்களைப் பெரட்டுக்கு அழைத்தது தப்பு. அம்மன் திருவிழாவில் தெய்வத்தை வருவித்தது தப்பு. பிணத்தின் முன்னே சென்றதும் தப்பு. நன்கணியார் இரண்டு வீடுகளில் கேட்ட இரண்டு பறைகளையும் இங்கே ஒரே மனிதன் ஒரே கருவியில் அடி மாற்றி முழக்கினான். அவன் சாதியின் பெயரால் கோவில் வாயிலில் நிறுத்தப்பட்டவன். ஆயினும் அவன் கை விழாமல் காமன் கம்பத்தருகே தெய்வம் இறங்காது. துன்பத்தின் மிகக் கீழ்ப்படியில் நின்றவன் இல்லாமல் கடவுள் சபைக்கு வரமாட்டார் என்பதை எந்த ஆசாரியரும் எழுதிவைக்கவில்லை, வழக்கம் எழுதிவைத்தது.

இத்தகைய ஜனங்கள் விதியை நம்பி வாளாவிருந்தார்களா என்றால், சரித்திரம் வேறு சொல்கிறது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920-களிலும் 1930-களிலும் பத்திரிகையாலும் சட்டசபைப் பேச்சாலும் தோட்டங்களில் உரிமையுணர்ச்சியை விதைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி அதைப் பரப்பினார். 1914-இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கின. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் ஒருவர்கூட மலையகத்திலிருந்து தெரிவாகவில்லை. அரசியல் வாயடைத்துப்போன அக்காலத்திலும் வேலுப்பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பெண்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் தெம்மாங்கையும் அவர் திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983-இல் நூலாயிற்று. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, ஒரே லயத்து உடன்பிறந்தார் இரண்டு தேசத்தாராயினர். 1970-களின் நடுவில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 மே 11-ஆம் தேதி, தோட்டக் காணிகளைச் சுவீகரிக்கும் முயற்சியை எதிர்த்துத் திரண்ட தொழிலாளரின்மேல் போலீசார் சுட்டதில், தலவாக்கலைக்கு அருகே டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் உயிர்துறந்தார். மாசியில் ஈசனை நோக்கி நியாயம் கேட்டவர்கள், சித்திரை வைகாசியில் அரசை நோக்கியும் அதையே கேட்டார்கள். இவ்விரண்டையும் வெவ்வேறு வழக்குகளாக நான் கருதவில்லை.

பெரியாரின் வழிவந்த பகுத்தறிவாளர்களும் மலையகத்துக்கு வந்தார்கள். இளஞ்செழியனின் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்ட இளைஞர் பலரைக் கவர்ந்தது. ஏழையை எரியவிட்டுப் பார்த்திருக்கும் தெய்வத்துக்குக் கூத்து எதற்கு, அழுகையை ஆண்டுக்கொரு முறை வடித்துவிட்டு மறுநாள் அடங்கிப் பெரட்டுக்குப் போவதற்கா என்று அவர்கள் கேட்டது அலட்சியம் செய்யத்தக்க கேள்வியன்று. ரதி சாற்றிய குற்றமே அவர்கள் சாற்றிய குற்றமும். குற்றம் சாற்றப்பட்டவரை இல்லையென்று தள்ளி அவர்கள் வழக்கை முடித்தார்கள். ரதியோ அவர் இருந்தாக வேண்டும், இருந்து பதில் சொல்லியாக வேண்டும் என்று வழக்கைத் தொடர்ந்தாள். கண்ணீர் மனிதனை மழுங்கச் செய்யும் என்பது எப்போதும் உண்மையன்று; அநீதியை அநீதி என்று ஆண்டுதோறும் உரக்கச் சொல்லிப் பழகிய நாவே, துரையின் முன்னும் சட்டத்தின் முன்னும் அதைச் சொல்ல அஞ்சாதிருந்தது.

ஆகவே, மனிதனின் துன்பத்தையும் கடவுள் நம்பிக்கையையும் ஒருங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்ற வினாவுக்கு, தலவாக்கலையின் சரித்திரத்தைக் கொண்டு நான் சொல்லத் துணிவது இதுவே. காரணம் கற்பித்து அவற்றை இணைக்க முடியாது. அவ்வாறு இணைத்த தத்துவங்கள் ஒவ்வொன்றும் வலிமையுள்ளவனுக்கே வசதியாக முடிந்தன. ஆயினும் நம்பிக்கையுள்ளவன், மனிதன் செய்த கொடுமைக்குத் தெய்வத்தின் பெயரைப் போர்வையாக்க மறுப்பானானால், மனிதன் செய்யாத துன்பத்துக்குத் தெய்வத்தையே நேர்நின்று கேட்கும் உரிமையைக் கைவிடாதிருப்பானானால், அவனுடைய பக்தி துன்பத்தின் முன் நாணித் தலைகுனிய வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டின் சட்டம் மலையகத்தில் எஞ்சிய நாடற்றோர் அனைவருக்கும் குடியுரிமை தந்தது; லயங்களும் கூலிப் போராட்டமும் இன்னும் தீர்ந்தபாடில்லை. பிள்ளைகள் படித்துக் கொழும்புக்குப் போக, காமன் கூத்து நடக்கும் தோட்டங்கள் குறைந்துவருகின்றன. கலைச்செல்வம் அழிகிறதே என்று வருந்துவோருடைய வருத்தம் நியாயமானது. அதனினும் பெரிய நஷ்டம் ஒன்று நேரக்கூடும்: வணங்கும் வாயாலேயே வழக்கும் தொடுக்கலாம் என்று நம் முன்னோர் கற்ற பாடத்தை மறந்து, எல்லாம் அவன் செயல் என்று அடங்கிவிடும் பக்தியை நாம் பழகிக்கொள்ளக் கூடும். அந்த அடக்கத்தைத் தெய்வம் விரும்புகிறது என்று நான் நம்பவில்லை. அதை விரும்பியவர்கள் எப்போதும் மனிதர்களே.